கோழிகளுக்குக் காற்று வழி வைத்த எத்திராஜ்

செய்தி வந்தபோது நான் மரப்பட்டறையில் குந்தி சாக்கில் மரச்சீவல் அள்ளிக்கொண்டிருந்தேன். எத்திராஜின் கோழிக்கூண்டுக்கு அடியில் போடத்தான். போன் அடித்தது. அவன் மகள் மல்லிகா. "மாமா, அப்பா போயிட்டாரு" என்றாள். "சரிம்மா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் சாக்கு நிறையும்வரை அள்ளினேன். வாயைக் கயிறு போட்டுக் கட்டினேன். பட்டறைக்காரர் "இன்னா பெரியவரே, யாரு போன்ல?" என்று கேட்டார். "எத்திராஜ் செத்துட்டான்" என்றேன். "அப்புறம் சீவல் எதுக்கு?" என்றார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அவன் வீட்டு வாசலில் அதற்குள் நாலைந்து ஜோடிச் செருப்பு சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வரவில்லை. நான் உள்ளே போகவில்லை. வெளிப்பக்கப் படியேறி மொட்டை மாடிக்குப் போனேன். ராத்திரி பெய்த மழை தரையில் அங்கங்கே நின்றது. கோழிகளை யாரும் திறந்துவிடவில்லை. கத்திக்கொண்டிருந்தன. திறந்துவிட்டேன். பழைய சீவலைக் கிளறி, புதுசைப் போட்டேன். கீழே வந்தபோது யாரோ ஒரு பெண்பிள்ளை "இந்தப் பெரியவரு கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான். இன்றுவரை வரவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்கள் சங்கத்துக் கூடத்தில் அவன் படத்தை வைத்துக் கூட்டம் போடுகிறார்கள். அதில் வாசிக்க நான் ஏதாவது சொல்லவேண்டும் என்றார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மல்லிகா பீன்யாவில் வேலை முடிந்து வந்ததும், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தி, நாலு பேர் முன்னால் படிக்கிற தமிழாகப் போடுகிறாள். பேச்சைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியும். கோலார் தங்கவயலில் அவன் சுரங்கத்துக்குள் இறங்கினவன். நான் மேலேயே இருந்தவன், மரக்கிடங்கில். அவன் முதலில் பாறையில் மிஷினை வைத்துத் துளை போட்டான். நெஞ்சில் தூசி சேர்ந்து இருமல் பிடித்ததும், அவனைக் காற்றுக் கதவு வேலைக்கு மாற்றினார்கள். கீழே காற்று தானாக எல்லா இடத்துக்கும் போகாது. அங்கங்கே கதவு வைத்து, சாக்குப்படுதா தொங்கவிட்டு, ஆள் வேலை செய்கிற இடத்துக்கு அதைத் திருப்பிவிட வேண்டும். கதவுப் பலகை நான் அறுத்துக் கொடுத்ததாக இருக்கும். அவன் போய் மாட்டுவான். ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் கிடங்குக்கு வந்து, "பலகையா இது? உன் பலகை ஓட்டையில என் காத்து பூரா ஓடிப்போச்சுடா" என்று திட்டுவான். என் காற்று என்றுதான் சொல்வான். சுரங்கத்தை மூடினபிறகு இரண்டு பேரும் பெங்களூர் வந்தோம். அவன் ஒரு பாக்டரியில் வாட்ச்மேன் ஆனான். நான் மரப்பட்டறையில் சேர்ந்தேன். என் கை மரத்தை விடவில்லை. அவன் காற்றை விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

கோழி வந்தது அவன் திட்டம் போட்டு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்காக சிவாஜிநகரில் பாஷா பாய் கடைக்குப் போனோம். அறுத்துக் கொடுக்கிறேன் என்றார் பாய். எத்திராஜ் வேண்டாம், உயிரோடு கொடு, மல்லிகாவுக்குக் கண்ணெதிரில் அறுத்தால்தான் நம்பிக்கை என்றான். ஒரு நாட்டுப் பெட்டைக்குக் காலைக் கட்டிப் பையில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "இன்னாடா?" என்றேன். "மாணிக்கம், மடி சூடா இருக்குதுடா" என்றான். பையைப் பிரித்துப் பார்த்தால் முட்டை. பக்கத்தில் நின்றிருந்த கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கும் டிக்கெட் எடுக்கணும் பெரியவரே" என்றார். பஸ் பூராவும் சிரித்தது. எத்திராஜ் மட்டும் சிரிக்கவில்லை. முட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீடு வருகிறவரைக்கும் அதன்மேல் கையை வைத்தபடியே வந்தான். அன்றைக்கு அவர்கள் வீட்டில் சாம்பார். மறுவாரம் பாஷா பாயிடம் போய், இதற்குத் துணைக்கு வேறு பெட்டைகளும் ஒரு சேவலும் வேண்டும் என்று நின்றான்.

கூண்டு கட்ட என்னைக் கூப்பிட்டான். நான் மரக்காரன். பெங்களூர் மழை எந்தப் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும் என்று சொல்லமுடியாது. அதனால் பலகைக்குப் பலகை இடுக்கு இல்லாமல் இழைத்து, பெட்டி மாதிரி கட்டினேன். மேலே தகரம். கதவைச் சாத்தினால் ஊசி நுழையாது. எத்திராஜ் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"காத்து எப்பிடிடா போவும்?"

"கதவு இருக்குதில்ல."

"சாத்தினப்புறம்?"

"சாத்தினப்புறம் அதுங்க தூங்கும். தூங்கறதுக்கு எதுக்குடா காத்து?"

"நீ தூங்கும்போது மூக்க அடைச்சிக்கினு தூங்கறியா?"

நான் கோபித்துக்கொண்டு சுத்தியலைக் கீழே போட்டேன். மழை உள்ளே வந்தால் என்னைக் கேட்காதே என்றேன். சரி, இருக்கட்டும், பார்ப்போம் என்றான்.

சில நாள் கழித்து விடிகாலையில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். மழையே இல்லை, பனி மட்டும்தான். கூண்டுக் கதவைத் திறந்து, என் தலையைப் பிடித்து உள்ளே தள்ளினான். தகரத்தின் அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்து, சொட்டுச் சொட்டாகக் கோழிகளின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அடியில் போட்டிருந்த உமி நனைந்து அப்பிக் கிடந்தது. "மழ வெளியில பெய்யலடா, உள்ள பெய்யுது" என்றான். "அதுங்க வுட்ட மூச்சுதான் மேல போய்த் தண்ணியாயி அதுங்க தலையிலயே விழுது. எங்க சுரங்கத்துல கீழ லெவல்ல இப்பிடித்தான் சுவரு அழுவும்." கோழி சாதாரணமாக மூச்சு விடுவதில் இவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்றைக்கு முழுவதும் உட்கார்ந்து மாற்றினோம். தகரத்தை ஒரு பக்கம் உயர்த்திச் சாய்த்தோம். மழை அதிகமாக அடிக்கும் பக்கம் தாழ்ந்தும், எதிர்ப்பக்கம் உயர்ந்தும் இருக்கவேண்டும் என்றான். இரண்டு பக்கமும் தகரத்துக்கும் சுவர்ப்பலகைக்கும் நடுவில் ஒரு கையகலம் இடைவெளி விட்டு, கம்பிவலை அடித்தோம். சாரல் நுழையாமல் தகரத்தை வெளியே முழங்கை நீளம் நீட்டிவிட்டோம். கோழிகள் ராத்திரி உட்காரும் கொம்பை அந்த இடைவெளிக்கு நன்றாகக் கீழே இறக்கிக் கட்டினோம். காற்று அவற்றின் தலைக்குமேல் போகவேண்டுமே தவிர உடம்பில் அடிக்கக்கூடாது. கூண்டு முழுவதையும் தரையிலிருந்து தூக்கி சிமெண்ட் கல்மேல் வைத்தோம். தண்ணீர்ச் சட்டியை வெளியே எடுத்தோம். நனைந்த உமியை வாரிவிட்டு, பட்டறையிலிருந்து மரச்சீவல் கொண்டுவந்து போட்டோம். நான் "ராத்திரி குளிருல வெறச்சிடும்டா" என்றேன். "குளிரு கோழிய ஒண்ணியும் பண்ணாது. அதுக்கு மேல றெக்கப் போர்வ இருக்குது. ஈரம்தான் தாங்காது" என்றான். பிறகு மழைக்காலம் வந்தது. உள்ளே கை விட்டுப் பார்த்தேன். சீவல் கலகலவென்று இருந்தது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் எத்திராஜ் கெட்டிக்காரன் என்று முடிந்துவிடும். அவன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை.

கூண்டு காய்ந்ததும் தூசி வந்தது. காய்ந்த சீவல், காய்ந்த எச்சம், கோழி உதறுகிற செதில், எல்லாம் சேர்ந்து, கோழி றெக்கையை அடித்தால் புகை மாதிரி எழும்பும். எனக்கு அது தும்மல். அவனுக்கு அப்படி இல்லை. ஒரு தடவை உள்ளே குனிந்து கிளறிவிட்டு வந்தால், படியில் உட்கார்ந்து நெடுநேரம் இருமுவான். இருமி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி "வெயில் ஜாஸ்தி இன்னிக்கு" என்பான்.

அவனுக்குச் சுரங்கம் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று இருந்தது. பாறையில் துளை போடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே போடவேண்டும். தூசியைத் தண்ணீரால் அடித்து உட்காரவைக்க வேண்டும். தண்ணீர் விடாமல் போட்டவன் நெஞ்சு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், அவன் சிறு வயதில் அவசரத்துக்குத் தண்ணீர் விடாமல் போட்டவன்தான். அந்தப் பயம் அவனை விடவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், தினமும் காலையில் சீவல்மேல் தெளிக்க ஆரம்பித்தான், வாசல் தெளிக்கிற மாதிரி. தூசி அடங்கியது. இருமலும் கொஞ்சம் அடங்கியது. எங்கள் இரண்டு பேருக்குமே அதில் தப்பு தெரியவில்லை. தங்கவயல்காரன் எவனைக் கேட்டாலும் தூசிக்குத் தண்ணீர்தான் என்பான். வேறு ஊர்க்காரன் யாராவது இருந்திருந்தால், மேலிருந்து விழுகிற தண்ணீரைத் தடுக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு நீங்களே சொம்பில் கொண்டுபோய் ஊற்றுகிறீர்களே என்று கேட்டிருப்பான்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு கௌரம்மா. மாடிச் சுவரின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஏனு எத்திராஜண்ணா, வாசனெ! கண்ணு உரீதாயிதெ" என்றாள். நாற்றத்தில் கண் எரிகிறதாம். "நாளெ சரி மாட்தீனம்மா", நாளைக்குச் சரி பண்ணிவிடுகிறேன் என்று இவனும் கன்னடத்திலேயே சொல்லி அனுப்பினான். எங்களுக்கு நாற்றம் தெரியவில்லை, தினமும் இருக்கிறவர்கள் மூக்குக்கு அது பழகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு நாள் அந்தச் சிவப்புப் பெட்டை, பஸ்ஸில் முட்டை போட்டதே, அது கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றது. கண்ணோரத்தில் நுரை. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம். எத்திராஜ் அதன் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்து, தன் முகத்தை அதன் முகம் இருக்கிற உயரத்தில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். எழுந்தபோது கண் இரண்டும் சிவந்து தண்ணீர் ஊற்றியது. "நின்னுக்கினு மோந்தா தெரியலடா. அது மூக்கு இருக்கிற எடத்துல நம்ம மூக்க வெச்சாத்தான் தெரியுது. பாவி, எச்சத்துமேல தண்ணி ஊத்தி நானே குடுத்துட்டேன்டா இந்த நாத்தத்த" என்றான். பெட்டை சாயங்காலம் செத்துப்போனது. அவன் அதை அறுக்கவும் விடவில்லை, விற்கவும் விடவில்லை. தென்னங்கன்று நட்டிருந்த தொட்டியில் புதைத்தான்.

மறுநாள் நான் போவதற்குள் அவனே ஈரச் சீவலையெல்லாம் வாரி வெளியே கொட்டிவிட்டான். அடியில் அது கெட்டியாகப் பிடித்திருந்ததாம், சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறான். சுண்ணாம்பு தூவி, காய்ந்த சீவல் போட்டான். பிறகு படியிறங்கும்போது பாதியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் போனது. கௌரம்மாதான் பார்த்துக் கத்தினாள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். டாக்டர் மல்லிகாவைத் தனியாகக் கூப்பிட்டு, நெஞ்சு ஏற்கெனவே கல்லாகிப் போயிருக்கிறது, இனி ஒரு தூசியும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்.

அவன் வீட்டுக்கு வந்த அன்று முன்கூடத்தில் நான் அவன் பக்கத்தில்தான் இருந்தேன். மல்லிகா சொன்னாள்: "கூண்டு ஈரமா இருந்தா கோழி சாவுது. காஞ்சி இருந்தா நீ சாவற. இது இன்னாப்பா வளக்கறது? வித்துடலாம்."

"வித்தா?"

"வித்தா நீ உயிரோட இருப்ப."

"இருந்து?"

அவள் தட்டைத் தூக்கி எறிந்தாள். சுவரில் பட்டு சோறு தெறித்தது. "உனக்கு அதுங்க வேணுமா, நான் வேணுமா, சொல்லு" என்றாள். இதை எழுதமாட்டேன் என்று மல்லிகா இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்றேன். எத்திராஜ் அப்போது என்ன சொன்னான் என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும், எல்லோருக்கும் தெரியட்டும் என்றேன். எடுத்துக்கொண்டாள்.

அவன் சொன்னது இதுதான். "மல்லி, நான் கீழ இருந்தவரிக்கும் அடுத்தவன் மூச்சு என் கையில இருந்துச்சு. மேல வந்தப்புறம் யாரு மூச்சும் என் கையில இல்ல. இப்ப இதுங்க இருக்குது. அவ்ளோதான்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மூச்சு விட்டு விட்டு, நடுநடுவில் நிறுத்திச் சொன்னான். மல்லிகா சுவரில் ஒட்டின சோற்றைத் துடைத்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சு வரவில்லை.

ஏற்பாடு ஒன்று செய்துகொண்டோம். உள்ளே போகிற வேலை என்னுடையது. தூள் வேண்டாம், ரம்பத்தூள் பறக்கும், இழைப்புளியில் வருகிற அகலச் சீவல்தான் வேண்டும் என்று அவன் சொன்னதால் பட்டறையில் பொறுக்கி எடுத்து வருவேன். நான் கிளறும்போது அவன் காற்று வருகிற பக்கமாகப் பார்த்து, முக்காலியில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காற்று திரும்பினால் முக்காலியையும் திருப்பிக்கொள்வான். அங்கிருந்தே அதிகாரம். "அந்த மூலைய வுட்டுட்டியே. குனிடா. முட்டி இன்னா வெள்ளியில பண்ணியிருக்குதா?" என்பான். "நீ வாட்ச்மேனு, முதலாளி மாதிரி பேசாத" என்பேன். "முதலாளின்னா சம்பளம் குடுக்கணுமே, அதான் வாட்ச்மேனு" என்பான். ஒரு பிடி சீவலை எடுத்து வரச் சொல்லி, கையில் வாங்கி இறுக்கிப் பிடிப்பான். விரித்தால் உதிரவேண்டும். உதிர்ந்தால் சரி. கட்டியாக நின்றால் அன்றைக்கு எனக்கு இரண்டாவது தடவை வேலை. இப்படியே மழையும் வெயிலும் மாறி மாறிப் போனது. கோழி ஒன்றும் அதற்கப்புறம் சாகவில்லை.

இந்த மழைக்காலத்தில் முட்டி வீங்கி நான் படுத்துவிட்டேன். சில நாள் போகமுடியவில்லை. போனில் கேட்டால், "வெளியில இருந்தே நீளக் கொம்பால கிளறிட்டேன், நீ படு" என்பான். உள்ளே போனானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போயிருப்பான். வீக்கம் வடிந்து நான் மறுபடி சீவல் அள்ளப் போன அன்றைக்குத்தான் மல்லிகாவின் போன் வந்தது, ராத்திரியே மூச்சு முட்டி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சாவு அன்றைக்கு மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கோழிங்கதான் மாமா எங்கப்பாவக் கொன்னுச்சு" என்றாள். டாக்டர், இது பழைய தூசி, பாறைத் தூசி என்றார். இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் மண்டைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. எழுந்து ஏதாவது வேலை பார்க்கப் போய்விடுகிறேன்.

காரியம் முடிந்ததும் மல்லிகா, "எடுத்துக்கினு போயிடுங்க மாமா, அதுங்க சத்தம் கேட்டா தாங்கல" என்றாள். என் வீட்டில் இடமில்லை. பாஷா பாய் ஆட்டோவில் கூடையோடு வந்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி, பாதத்தைப் பார்த்தார். "புண்ணு ஒண்ணும் இல்ல பெரியவரே. காஞ்ச எடத்துல நின்ன காலு" என்றார். கடைக்கு வேண்டாம், ஹொஸ்கோட்டே பக்கம் வளர்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் விடுகிறேன் என்றார். சரி என்றேன். கூடையை ஏற்றும்போது மல்லிகா வாசலுக்கு வரவில்லை.

கூண்டை நானே பிரித்தேன். நல்ல பலகை, மழையில் வீணாகப் போகவேண்டாம் என்று கீழே கொண்டுவந்து வைக்க இடம் கேட்டேன். அப்பா ரூமில் வையுங்கள் என்றாள். இத்தனை வருஷம் அந்த வீட்டுக்கு வந்து போகிறேன், வெளிப்படியேறி நேராக மாடிக்குப் போய்விடுவேன், இல்லை முன்கூடத்தில் உட்காருவேன். அவன் படுக்கிற அறைக்குள் போனதே இல்லை. லைட்டைப் போட்டாள். சுவரில் பாதி உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம். கைவைத்தால் சுண்ணாம்பு ஈரத்தோடு உதிர்ந்தது. இருந்த ஒரே ஜன்னலை ஒட்டி, பக்கத்து மனைக்காரர் சுவர் எழுப்பிவிட்டார், அதனால் பிளாஸ்டிக் வைத்து ஆணி அடித்திருந்தது. வேறு வழி எதுவும் இல்லை. நெஞ்சில் மூச்சே இல்லாதவன் ராத்திரி ராத்திரி இதற்குள்தான் கதவைச் சாத்திப் படுத்திருக்கிறான்.

"இத அவன் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"நானும் சொல்லிக்கினேதான் இருந்தேன். மழ முடியட்டும், மாணிக்கத்த வுட்டு மேல ஒரு வழி போடலாம்னாரு. ஒவ்வொரு மழைக்கும் அதேதான் சொன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"உங்களுக்குக் கோழி வேலையே ஜாஸ்தின்னாரு."

நான் பலகையைக் கீழே வைத்தேன். "இனிமே இங்க யாரு படுக்கப்போறது?" என்றேன். "நான்தான்" என்றாள். பட்டறைக்குப் போய் உளியும் சம்மட்டியும் எடுத்து வந்தேன். மாடிப்படிப் பக்கம் வெளிச்சுவர் இருந்தது. அதில் கூரைக்குக் கீழே ஒன்றும், எதிரே கூடத்துப் பக்கச் சுவரில் ஒன்றுமாக உடைத்தேன். வெளியே சாய்வாக ஒரு பலகை மறைப்பு. முட்டி வலி உயிர் போனது. மல்லிகா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எதுக்கு மாமா அவசரம்" என்றாள். "மழ முடியற வரிக்கும் நான் இருக்கேனோ இல்லியோ" என்றேன். உடைந்து வெளிச்சம் வந்ததும், அங்கே மாட்டியிருந்த காலண்டர் தாள் ஆடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் அழுதாள். நான் இறங்கி ஜல்லியைக் கூட்டினேன்.

எத்திராஜிடமிருந்து நீ என்ன வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால், பொருள் ஒன்றும் இல்லை. மல்லிகா அவன் மூக்கில் கட்டுகிற துண்டைக் கொடுத்தாள், வேண்டாம் என்றேன். ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்த வீட்டுக்குள், எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் அண்ணாந்து, காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று பார்க்கிறேன். வழி இல்லாவிட்டால் அங்கே உட்கார முடியவில்லை. வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நேற்று சங்கத்துக் கூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேலே இருக்கிற ஜன்னல்களைச் சாரலுக்காக அட்டை வைத்து ஒட்டி அடைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவர்களில் பாதிப்பேர் கீழே இறங்கினவர்கள், எத்திராஜ் மாதிரி இருமுகிறவர்கள். கூடத்து வாட்ச்மேனிடம் ஏணி கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் போய் அட்டையைக் கிழித்துவிட்டு, மழை வராமல் வெளியே பலகை சாய்த்துவிடுகிறேன். கூட்டத்தன்று யாருக்காவது குளிராக இருந்தால் தயவுசெய்து ஜன்னலைச் சாத்தாதீர்கள். போர்வை கொண்டுவாருங்கள்.